'மேல்' என்றால் 'ஆன்' தானா?

போன ஞாயிற்றுக்கிழமை சோழபுரத்துக்குப் போயிருந்தப்ப அண்ணன் மகள் ஒரு கைடைத் தூக்கிட்டு வந்தாள். பத்தாம் வகுப்பு படிக்கிறாள். மாதிரித் தேர்வில் ஒரு மார்க் போயிருக்கு. கோடிட்ட இடத்தை நிரப்பணும்: 'ஷி இஸ் ஃபாண்ட் ____ மியூசிக்.' அவள் 'ஆன்' என்று எழுதியிருந்தாள். சிவப்பு மையில் அதை அடித்து 'ஆஃப்' என்று போட்டிருந்தது.

"சித்தப்பா, இசை மேல ஆசைன்னுதானே சொல்றோம்? மேலன்னா ஆன். இந்தக் கைட்லயே அப்படித்தான் போட்டிருக்கு. பின்ன எப்படி இது தப்பாகும்?"

புரட்டிப் பார்த்தேன். போட்டுத்தான் இருந்தது. ஆரம்பப் பக்கங்களில் ஒரு அட்டவணை: 'இன்' என்றால் இல், 'ஆன்' என்றால் மேல், 'டு' என்றால் கு, 'வித்' என்றால் உடன், 'ஆஃப்' என்றால் உடைய, 'ஃபார்' என்றால் க்காக. கீழே மேசை மேல் புத்தகம், பெட்டிக்குள் பந்து என்று எடுத்துக்காட்டுகள். அதிலிருந்து பல பக்கம் தள்ளி இன்னொரு பட்டியல்: எந்த அட்ஜெக்டிவுக்குப் பின்னால் எந்த பிரெபொசிஷன் வரும் என்று. 'ஃபாண்ட் ஆஃப்', 'கீன் ஆன்', 'இன்ட்ரஸ்டட் இன்', 'ஈகர் ஃபார்', 'கிரேஸி அபவுட்'. விளக்கம் ஒரு வரி கூடக் கிடையாது. மேலே 'மனப்பாடம் செய்க' என்று மட்டும் இருந்தது.

முதல் அட்டவணையை நம்பி யோசித்த பிள்ளைக்கு இரண்டாவது பட்டியல் மார்க்கைக் குறைத்துவிட்டது. யோசிக்காமல் நெட்டுரு போட்டிருந்தால் மார்க் கிடைத்திருக்கும். இதுதான் எனக்கு உறுத்தியது. அந்த ஒரு பாடத்தை எடுத்து வைத்துக்கொண்டு இரண்டு நாள் படித்தேன். அதைப் பற்றிய விமர்சனம்தான் இது. கைடின் பெயரைச் சொல்லப் போவதில்லை. ராஜபாளையம் கடைகளில் இன்னும் மூன்று கைடுகளைப் பார்த்தேன், நாலும் ஒரே மாதிரிதான்.

இந்தப் பட்டியல் வடிவம் புதுசும் இல்லை. இந்தியாவில் ஆங்கில இலக்கணம் என்றாலே ஞாபகம் வருகிற ரென் அண்ட் மார்ட்டின் புத்தகம் 1935இல் வெளிவந்தது. அதிலும் குறிப்பிட்ட பிரெபொசிஷன் எடுக்கும் சொற்களுக்கென்று ஒரு பகுதி உண்டு. அங்கே சொற்கள் பிரெபொசிஷன் வாரியாக அடுக்கப்பட்டிருக்கும். 'ஆஃப்' எடுப்பவை ஒரு கூட்டம்: ஃபாண்ட், டிசையரஸ், கிரீடி, அஃப்ரெய்ட். 'ஃபார்' எடுப்பவை ஒரு கூட்டம்: ஈகர், ஆங்ஷஸ். 'இன்' எடுப்பவை ஒரு கூட்டம்: இன்ட்ரஸ்டட், அப்சார்ப்டு. தேடிப் பார்க்க இது வசதி. ஏற்கெனவே ஆங்கிலம் ஓரளவு படித்தவர் சந்தேகம் தீர்த்துக்கொள்ள நல்ல பட்டியல். ஆனால் தேடிப் பார்க்க வைத்த பட்டியலையே கைடுகள் பாடமாக மாற்றிவிட்டன. அகராதியை முதல் பக்கத்திலிருந்து ஒப்பிக்கச் சொன்ன மாதிரி ஆகிவிட்டது.

இந்த முறை எதை மறைக்கிறது என்பதற்கு ஒரே சொல் போதும். 'ஆங்ஷஸ் ஃபார் நியூஸ்' என்றால் சேதி வராதா என்று ஏங்கிக் காத்திருக்கிறது. 'ஆங்ஷஸ் அபவுட் த ரிசல்ட்' என்றால் ரிசல்ட்டை நினைத்துக் கவலைப்படுகிறது. அட்ஜெக்டிவ் ஒன்றுதான். பின்னால் வருகிற சொல் மாறினதும் ஏக்கம் கவலை ஆகிவிட்டது. 'மேட் அபவுட்' என்றால் ஒன்றின் மேல் பைத்தியமாக இருப்பது. அமெரிக்க வழக்கில் 'மேட் அட்' என்றால் ஒருவர் மேல் கடுங்கோபம். அப்படியானால் பிரெபொசிஷன் சும்மா ஒட்டிக்கொண்டு வருகிற வால் இல்லை. அந்த உணர்ச்சி எந்தப் பக்கமாகப் போகிறது என்று சொல்வதே அதுதான்.

இது தமிழ்ப் பிள்ளைக்குப் புரியாத விஷயமா? அவள் தினமும் இதைத்தான் செய்கிறாள். இசையில் ஆர்வம், இசை மேல் ஆசை, இசைக்கு அடிமை, இசையை விரும்புகிறேன், இசையோடு ஒன்றிப்போய்விட்டேன். ஒரே இசை, ஐந்து விதமான ஒட்டு. யாரும் பட்டியல் போட்டுச் சொல்லிக் கொடுக்கவில்லை. அவன் மேல் கோபம், அவன்கிட்ட பயம், அவனைப் பார்த்துப் பொறாமை, அவனோட சண்டை. ஒட்டை மாற்றிப் போட்டு 'அவனோட கோபம்' என்று சொல்லிப் பாருங்கள். கோபம் அவனுடையதாகிவிடும், உங்களுடையதாக இருக்காது. தமிழ் கற்கிற வெளியூர்க்காரர் 'நான் காபி பிடிக்கும்' என்று சொன்னால் நாம் சிரிக்கிறோம். எனக்குத்தான் பிடிக்கும் என்பதை எந்த அட்டவணையிலிருந்து நாம் கற்றோம்?

உணர்ச்சிச் சொல்லுக்கு எந்த ஒட்டு என்ற கேள்வியைத் தமிழ் இலக்கணம் வெகு காலம் முன்பே எடுத்துப் பேசியிருக்கிறது. தொல்காப்பியத்தின் சொல்லதிகாரத்தில் வேற்றுமைக்கு ஒரு இயல் இருக்கிறது. அதோடு நிறுத்தாமல் அடுத்ததாக வேற்றுமை மயங்கியல் என்று இன்னொரு இயலும் உண்டு. ஒரு வேற்றுமை வரவேண்டிய இடத்தில் இன்னொன்று எப்படி வருகிறது என்பதுதான் அதன் வேலை. அதில் அச்சத்தைப் பற்றி ஒரு நூற்பா வருகிறது. அச்சப் பொருள் தரும் சொல்லுக்கு ஐந்தாம் வேற்றுமையும் வரலாம், இரண்டாம் வேற்றுமையும் வரலாம், பொருளில் குறையில்லை என்கிறது. அதாவது புலியின் அஞ்சினான் என்றாலும் புலியை அஞ்சினான் என்றாலும் சரிதான். ஆட்கள் இரண்டு விதமாகவும் பேசினார்கள், இலக்கணக்காரர் இரண்டையும் எழுதி வைத்தார். ஒன்றைச் சிவப்பு மையில் அடிக்கவில்லை.

இன்று எங்கள் பக்கம் 'புலிக்குப் பயந்தான்' என்போம். அது நான்காம் வேற்றுமை, அந்த நூற்பா சொன்ன இரண்டிலும் சேராது. வழக்கு நகர்ந்திருக்கிறது. தமிழ் கெட்டுப்போய்விடவில்லை.

கைடின் முதல் அட்டவணையில் இருக்கிற கோளாறும் இங்கேதான் தெரிகிறது. ஒரு உருபுக்கு ஒரு பிரெபொசிஷன் என்று ஜோடி சேர்க்கிறது அது. ஆனால் தமிழ் உருபே ஒற்றை வேலை செய்வதில்லை. மூன்றாம் வேற்றுமைக்குத் தொல்காப்பியம் சொல்கிற உருபு ஒடு. நன்னூல் ஆல், ஆன், ஒடு, ஓடு என்று நான்கு சொல்கிறது. கத்தியால் வெட்டுவதும் அம்மாவோடு போவதும் ஒரே வேற்றுமைக்குள் அடங்குகின்றன. ஆங்கிலத்திலும் கத்தியால் என்பதற்கும் அம்மாவோடு என்பதற்கும் ஒரே 'வித்' தான். ஏழாம் வேற்றுமைக்கு நன்னூல் தருகிற நீண்ட வரிசையில் மேல், கீழ், உள், புறம், இல் எல்லாமே இருக்கின்றன. அப்படி இருக்க 'மேல் என்றால் ஆன்' என்று ஒற்றைக் கோடு போட்டால் அது மேசைக்கும் புத்தகத்துக்கும் மட்டும்தான் சரிப்படும். ஆசைக்குச் சரிப்படாது.

சரி, குறை சொன்னால் மட்டும் போதாதே. அந்தப் பட்டியலில் இருக்கிற ஆர்வச் சொற்களையே எடுத்து, பொருளை வைத்து அடுக்க முடியுமா என்று பார்த்தேன். பெரும்பாலும் முடிகிறது.

முதல் கூட்டம், வாயை மூடாமல் அதையே பேச வைக்கிற ஆர்வம். எக்சைட்டட், என்த்தூசியாஸ்டிக், பேஷனேட், கிரேஸி, மேட், நட்ஸ். இவை எல்லாவற்றுக்கும் 'அபவுட்' பொருந்தும். தமிழில் இதுக்கு நிகர் 'பற்றி'. சினிமாவைப் பற்றியே பேசிக்கிட்டிருக்கிறவன் 'கிரேஸி அபவுட் சினிமா'. நாம் 'சினிமா மேல பைத்தியம்' என்று சொல்லிப் பழகினதால் 'கிரேஸி ஆன்' என்று வாயில் வந்துவிடுகிறது. கொதிக்கிற ஆர்வமா, 'அபவுட்' போடு என்று ஒரு வரி சொல்லிக் கொடுத்தாலே பட்டியலில் பாதி முடிந்துவிடும். கைடில் அந்த ஒரு வரி இல்லை.

இரண்டாவது, உள்ளே இறங்கி நிற்கிற ஆர்வம். இன்ட்ரஸ்டட், அப்சார்ப்டு, இம்மர்ஸ்டு. இவற்றுக்கு 'இன்'. இதில் தமிழும் ஆங்கிலமும் ஒரே படம்தான் வரைகின்றன: படிப்பில் ஆர்வம், வேலையில் மூழ்கிப்போதல். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதை விளக்க வெளியே போகவே வேண்டாம். ஆழ்வார் என்ற பேருக்கு ஆழ்ந்தவர் என்றுதானே வழிவழியாகப் பொருள் சொல்கிறோம்? ஆங்கிலத்தின் 'என்த்தூசியாசம்' என்ற சொல்லே கிரேக்கத்திலிருந்து வந்தது. தெய்வம் ஒருவருக்குள் புகுந்திருக்கிற நிலை என்பது அதன் பழைய பொருள். இங்கே ஆள் தெய்வத்துக்குள் ஆழ்கிறார், அங்கே தெய்வம் ஆளுக்குள் இறங்குகிறது. ரெண்டிலும் ஒன்று இன்னொன்றின் உள்ளேதான்.

மூன்றாவது, ஒன்றின் மேல் சாய்ந்து பிடித்துக்கொள்கிற ஆர்வம். கீன், ஹுக்ட், பென்ட். இங்கேதான் 'ஆன்'. அண்ணன் மகள் 'ஷி இஸ் கீன் ஆன் மியூசிக்' என்று எழுதியிருந்தால் அவளுடைய 'மேல்' அப்படியே சரியாக வந்து உட்கார்ந்திருக்கும். அவள் யோசித்த விதத்தில் பிழையில்லை. கேள்வியில் இருந்த அட்ஜெக்டிவ் வேறு, அவ்வளவுதான்.

நான்காவது, இனி வரப்போகிற ஒன்றுக்காக ஏங்குவது. ஈகர், ஆங்ஷஸ், ஹங்ரி. இவற்றுக்கு 'ஃபார்'. தமிழில் கு, க்காக. லீவுக்காக ஏங்குறான், 'ஈகர் ஃபார் த ஹாலிடேஸ்'.

ஐந்தாவது, அந்தப் பொருளே நம்மைப் பிடித்து ஆட்டுகிற நிலை. அப்செஸ்டு, ஃபேசினேட்டட், இம்ப்ரஸ்டு, டிலைட்டட். இந்தச் சொற்களைப் பாருங்கள், எல்லாமே ஒரு வினையின் செயப்பாட்டு வடிவம். நான் ஒன்றும் செய்யவில்லை, அது என்னைச் செய்கிறது. அதனால் 'வித்' வரும், பலவற்றில் 'பை'யும் வரும். நம்ம மூன்றாம் வேற்றுமைக்குள் ஓடும் ஆலும் ஒரே வீட்டில் இருப்பதைச் சொன்னேனே, அதை நினைத்துக்கொண்டால் 'ஃபேசினேட்டட் வித்', 'ஃபேசினேட்டட் பை' ரெண்டும் ஏன் சரி என்பது விளங்கிவிடும்.

இன்னொன்று 'அடிக்டட் டு'. இதுக்குப் பாடமே தேவையில்லை. போனுக்கு அடிமை, கு என்றால் 'டு'.

மிச்சம் நிற்பது அவள் மார்க்கை இழந்த அதே சொல்தான். ஃபாண்ட் ஏன் 'ஆஃப்' எடுக்கிறது? இதுக்கு என்னால் பொருள் வழியாக நேராகக் காரணம் சொல்ல முடியவில்லை. 'ஃபாண்ட்' என்ற சொல்லுக்கு முன்காலத்தில் முட்டாள்தனமான, மதிகெட்ட என்ற பொருள் இருந்தது. மதிகெட்டு ஒன்றின் மேல் அன்பு வைப்பதிலிருந்து இன்றைய பொருள் வந்தது. ஆனால் அது 'ஆஃப்'ஐ விளக்கவில்லை. அஃப்ரெய்ட், பிரவுட், டயர்ட், ஃபாண்ட், எல்லாம் 'ஆஃப்' எடுக்கிற பழைய அடுக்கைச் சேர்ந்தவை. பயம், பெருமை, சலிப்பு, பிரியம் என்று நாலும் நாலு திசை. இவற்றை மனப்பாடம்தான் செய்யணும். அதனால் பட்டியலே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஐம்பது சொல் இருக்கிற பட்டியலில் காரணம் சொல்ல முடிந்தவற்றைப் பிரித்து எடுத்துவிட்டால் நெட்டுரு போட வேண்டியது கொஞ்சம்தான் மிஞ்சும். அந்தப் பிரிக்கிற வேலைதான் ஆசிரியரின் வேலை. கைடு அதைச் செய்யாமல் பிள்ளை தலையில் கட்டிவிட்டது.

இன்னொரு குறை. பட்டியலில் 'எக்சைட்டட் அபவுட்' மட்டும் சரி, 'எக்சைட்டட் ஃபார்' தவறு என்று போட்டிருந்தது. அடுத்தவருக்கு நல்லது நடந்ததுக்காக நாம் சந்தோஷப்பட்டால் 'ஐ ஆம் எக்சைட்டட் ஃபார் யூ' என்பது எப்பவுமே சரிதான். வரப்போகிற நிகழ்ச்சிக்கு 'எக்சைட்டட் ஃபார் த ட்ரிப்' என்று சொல்வதும் இப்போது அமெரிக்க வழக்கில் சாதாரணம். எதிர்பார்ப்பைக் காட்டுகிற 'ஈகர் ஃபார்' பக்கமாக அந்தச் சொல் நகர்ந்திருக்கிறது. 'போர்ட் வித்' மட்டுமே சரி என்றிருந்த இடத்தில் 'போர்ட் ஆஃப்' புழங்குவதும் இதே மாதிரிதான். 'டயர்ட் ஆஃப்' பக்கத்திலேயே இருக்கிறது, அதைப் பார்த்து இது மாறியிருக்கலாம். பரீட்சையில் பழையதை எழுதினால் பாதுகாப்பு என்று சொல்லிக்கொடுப்பது நியாயம். புதியதைத் தப்பு என்று சொல்வது நியாயமில்லை. மயங்கியல் என்று ஒரு இயலே வைத்திருக்கிற மொழிக்காரர்களுக்கு இந்த வித்தியாசம் தெரிந்திருக்கணும்.

எல்லாவற்றையும் விட எனக்குப் பெரிதாகப் படுகிற குறை வேறு. கைடில் மொழிபெயர்க்கக் கொடுத்திருக்கிற தமிழ் வாக்கியங்களைப் பாருங்கள்: 'நான் இசையின் மீது பிரியமாக உள்ளேன்', 'அவன் விளையாட்டின் மீது ஆவலாக உள்ளான்'. இந்தத் தமிழை யார் பேசுகிறார்கள்? ஆங்கில வாக்கியத்தை முதலில் எழுதி, அதைத் தமிழாக்கி, அந்தத் தமிழைத் திரும்ப ஆங்கிலமாக்கச் சொல்கிறார்கள். எங்கள் ஊரில் ஆர்வத்தைச் சொல்கிற விதமே வேறு. 'கிரிக்கெட்டுன்னா அவனுக்கு உசிரு.' 'பால்கோவான்னா இவளுக்குப் போதும், சோறே வேண்டாம்.' 'பாட்டுன்னா கிறுக்கு.' இதில் மேல் இல்லை, இல் இல்லை, கு கூட ஆளுக்குத்தான் வருகிறது, பொருளுக்கு இல்லை. பொருளோடு வருவது 'என்றால்' தேய்ந்து வந்த ஒரு 'ன்னா'. எட்டு வேற்றுமையில் எதிலும் இது சேராது.

இந்த 'ன்னா'வை ஆங்கிலத்தில் எந்த பிரெபொசிஷனாகவும் மாற்ற முடியாது, மாற்றவும் வேண்டாம். 'ஷி லவ்ஸ் பால்கோவா.' முடிந்தது. வினைச்சொல் வந்துவிட்டால் பிரெபொசிஷனே தேவைப்படாது. 'ஐ லவ்', 'ஐ என்ஜாய்' இரண்டும் தெரிந்த பிள்ளை பேச்சில் தடுமாறி நிற்க வேண்டியதில்லை. எழுத்துத் தாளுக்கு அட்ஜெக்டிவ் பட்டியல், வாய்க்கு இந்த வினைகள் என்று பிரித்துச் சொல்லியிருக்கலாம். ஒரு கைடிலும் அதைக் காணோம்.

இப்படி யோசிப்பது நான் கண்டுபிடித்ததும் இல்லை. 1979 முதல் 1984 வரை என். எஸ். பிரபு பெங்களூருவை மையமாக வைத்து, சென்னை, கடலூர் உட்படத் தென்னிந்தியாவில் சில பள்ளிகளில் ஒரு சோதனை நடத்தினார். இலக்கண விதியைத் தனியாக நடத்தாமல், ரயில் கால அட்டவணை, வரைபடம் மாதிரி எதையாவது கொடுத்து, பிள்ளைகளை அதில் இருக்கிற புதிரை ஆங்கிலத்தில் தீர்க்க வைத்தார்கள். மனசு பொருளில் இருக்கும்போதுதான் இலக்கணம் படியும் என்பது அவர் கருத்து. 1987இல் அதைப் புத்தகமாகவும் எழுதினார். அந்த முறையை அப்படியே நம் வகுப்பறைகளில் வைக்க முடியுமா என்பது வேறு விவாதம். ஆனால் நம்ம பக்கத்துப் பள்ளிகளிலேயே பார்த்த விஷயம் இத்தனை வருஷம் கழித்தும் ஒரு கைடின் ஓரத்தில் கூட எட்டிப் பார்க்கவில்லை.

ஒரு மார்க்குக்கு இத்தனை பேச்சா என்று கேட்கலாம். மார்க் பெரிசில்லை. அண்ணி சொன்னதுதான் என்னை எழுத வைத்தது. இந்தப் பிள்ளை முன்னெல்லாம் வீட்டில் இங்கிலீஷில் சும்மா ஏதாவது பேசிக்கிட்டிருப்பாளாம். பட்டியல் படிக்க ஆரம்பித்ததிலிருந்து நிறுத்திவிட்டாள். கேட்டால் "பின்னாடி எது வரும்னு தெரியல, தப்பாயிரும்" என்கிறாள். நாளைக்கு இவள் கோயம்புத்தூரிலோ சென்னையிலோ ஒரு இன்டர்வியூவில் உட்காருவாள். 'ஃபாண்ட் ஆன்' என்று சொன்னால் எதிரே இருப்பவருக்குப் புரியும். ஒன்றுமே சொல்லாமல் உட்கார்ந்திருந்தால் என்ன புரியும்?

ஐந்து கூட்டத்தையும் ஒரு தாளில் எழுதி, 'ஆஃப்' எடுக்கிற நாலைந்து சொல்லை மட்டும் தனியாகக் கட்டம் கட்டிக் கொடுத்துவிட்டு வந்தேன். அதை வைத்து அவளாக வாக்கியம் எழுதணும் என்று சொல்லியிருந்தேன். நேற்று ராத்திரி போனில் வாசித்துக் காட்டினாள். ஒன்பது வாக்கியம். ஏழு சரி. எட்டாவதில் 'மை சித்தப்பா இஸ் மேட் அட் கிராமர்' என்று எழுதியிருந்தாள்.

"அபவுட் வரணும் பாப்பா" என்றேன்.

"இல்ல சித்தப்பா, நீங்க அந்தக் கைடு மேல கோவமாத்தானே இருந்தீங்க?"

அதையும் சரி என்றே போட்டுக்கொண்டேன்.